கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சுகாதாரப் பகுதியினரின் பணியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். உணவுக்கடைச் சோதனை, மலசலகூடம், குப்பை என அப்பணி பலவாறு விரியும். எனக்குக் கிடைத்த சிறுபொழுதை நம் கிணறுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற விடுமுறையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஊழியர் ஒருவரும் எங்கள் வளவுக்கு வந்தார்கள். கிணற்றுநீரை அள்ளி வெள்ளைத் தட்டொன்றில் ஊற்றிக் குனிந்து பார்த்தார்கள். பின்பு, கிணற்றில் சிறுமீன் விடலாமா என்று கேட்டார்கள்.

"குடிக்கிற தண்ணிக்குள்ள மீனோ? வேண்டாம் தம்பி" என்றார் அம்மம்மா.

அவர்கள் வற்புறுத்தாமல் போய்விட்டார்கள். மிஷன் பாடசாலையில் விஞ்ஞானம் படித்து, இன்று சர்வகலாசாலையிலும் பயிலும் நான், கதவருகே நின்றும் ஒரு சொற் சொல்லவில்லை. அந்த வெட்கமே இன்று என்னைப் பேச வைக்கிறது.

தட்டில் அவர்கள் தேடியது நுளம்புக் குடம்பியை. சாதாரண நுளம்பின் குடம்பி நீரில் தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இனத்தின் குடம்பியோ நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும். 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. பின்னர் டி.டி.ரி. தெளித்துக் கடுமையாக உழைத்ததன் பயனாக, 1963இல் நோயாளர் தொகை வெறும் 17 ஆயிற்று. நோய் ஒழிந்ததென்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தனர். பதினேழு எங்கே, ஐந்து இலட்சம் எங்கே!

மறுபடியும் பல்லாண்டு பாடுபட்டு, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றைப் பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில், நம் மன்னார்த் தீவிலேயே, மலேரியாத் தடை இயக்கத்தினர் அதுவரை இந்நாட்டிற் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். இந்தியப் பட்டினங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. ஓடைக் குட்டைகளை நாடும் நம் பழைய நுளம்பைப் போலன்றி, இது வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் குடியிருக்கும். நுளம்பு மட்டும் இருந்தால் நோய் வராது; நோய்க்கிருமியைச் சுமந்த ஒருவர் பிறநாட்டிலிருந்து வந்தாற் போதும். ஆகையாற்றான் கிணறு கிணறாக எட்டிப் பார்க்கிறார்கள், குடம்பி தின்னும் மீனையும் விடுகிறார்கள். அவர்கள் வேலை சரியாக நடந்தால் ஊரில் ஒன்றுமே நடவாது. அதனால் அவர்களுக்கு மாலை போடுவாருமில்லை!

இவற்றையெல்லாம் பிற்பாடு அம்மம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மீன் செத்து மிதந்தால் ஆர் எடுக்கிறது?" என்றார்.

என் புத்தகங்களில் இல்லாத கேள்வி அது. சுகாதாரப் பகுதியினரும் மீனை விட்டதோடு நில்லாமல் மறுபடி வந்து பார்க்கவேண்டும் என்பதே அதன் பொருள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டான். இப்போது கிணற்றில் மீன் நீந்துகிறது. அம்மம்மா இன்னும் வடித்தே குடிக்கிறார், அதுவும் நல்லதே.

ஆனால், யுத்தத்தில் இடம்பெயர்ந்தோர் திரும்பி வராத வளவுகளில் பாழுங்கிணறுகள் கிடக்கின்றன. அங்கே பரிசோதகருக்குக் கதவு திறக்க ஆளில்லை. அவை எங்கெங்கே உள்ளன என்று நம் இளைஞர்களுக்குத் தெரியும். வருகிற ஞாயிறு காலை ஒரு கொப்பியோடு புறப்படுகிறேன். என்னோடு வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் தாருங்கள்.