மாத்திரையும் நமது உரிமையே
(ராசிங்காபுரம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி துவங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வரவேற்கிறோம். ஆனால் விடியுமுன் ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர் வீட்டில் பகலில் பூட்டல்லவா தொங்குகிறது! மாலையிலும் வரவேண்டுமென்று ஒன்றுபட்டுக் கேட்போம்.

நம் கடமையும் உண்டு. கொதிப்புக்கு வலி கிடையாது. சுகமாயிருக்கிறதென்று மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் தாக்கலாம். அளவு 140/90-ஐத் தாண்டுகிறதா என்று நோட்டில் குறித்து வைப்போம். சர்க்கரை மாத்திரை போட்டு வெறும் வயிற்றோடு மலையேறாதீர்கள். மயக்கம் வந்தால் உடனே வாயிலிட மடியில் வெல்லம் இருக்கட்டும். இரவில் பாதங்களைப் பாருங்கள். மரத்த காலுக்குப் புண் தெரியாது.

உழைப்பாளிக்கு உடம்பே சொத்து. அதைக் காப்பதும் போராட்டமே!