யானையும் நீர்யானையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நீங்க விலங்கியல்காரர், பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டார். ஆப்பிரிக்காவின் இரண்டு பெரிய மிருகங்கள் எப்படி ஜோடி சேருகின்றன, எப்படிக் குட்டி வளர்க்கின்றன என்று பேசப்போகிறேன் என்றதும் என் மனைவிக்குக் கவலை. "குடும்பத்தோட வந்திருப்பாங்க, பார்த்துப் பேசுங்க" என்றாள். பார்த்தே பேசுகிறேன்.

காலையில் மலைக்குப் போயிருந்தேன். மாணவனாக இருந்தபோது 365 படியும் ஒரே மூச்சு. இன்றைக்கு மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். பெரும்பாலான முருகன் கோயில்களில் சந்நிதிக்கு எதிரே மயில் நிற்கும். நம் ஊரில் யானை. தெய்வானைக்குச் சீதனமாக இந்திரன் கொடுத்த ஐராவதம் என்பார்கள். கொடுத்த பிறகு இந்திரனுக்குச் செல்வம் குறைந்துபோக, "கொடுத்ததைத் திருப்பி வாங்கமாட்டேன், அதன் முகம் என் பக்கம் இருந்தால் போதும்" என்றானாம். அதனால்தான் அது சுவாமிக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்க்கிறது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் இந்தப் பேச்சு தோன்றியது.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம். நீர்யானை என்று சொல்கிறோம். அதற்கும் யானைக்கும் சொந்தம் கிடையாது. நீர்யானையின் நெருங்கிய உறவு திமிங்கிலம். யானைக்கு உறவு நம் பாக் நீரிணையில் புல் மேய்கிற கடற்பசு. மாணவர்கள் இதை விடுதியில் பந்தயம் கட்டிக்கூடக் கேட்கலாம்.

வண்டலூரில் நீர்யானையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரையில் சில நூறு மீட்டரை ஒரு பெரிய ஆண் தன் பட்டா நிலம் மாதிரி வைத்திருக்கும். எல்லைக்கல் நடுகிற விதம்தான் வேடிக்கை: வாலை விசிறியாகச் சுழற்றிச் சாணத்தை நாலாபக்கமும் வீசும். மற்ற ஆண்கள் பணிந்து நடந்தால் அங்கேயே இருக்கலாம், ஜோடி சேர மட்டும் முடியாது. சேர்க்கை தண்ணீரில்தான். பெண் பெரும்பாலும் மூழ்கியே இருக்கும், மூச்சுக்கு மட்டும் தலையைத் தூக்கும். கர்ப்பம் எட்டு மாதம். பிரசவ நேரத்தில் தாய் கூட்டத்தை விட்டு ஒதுங்கிவிடும். குட்டி பல சமயம் தண்ணீருக்குள்ளேயே பிறக்கும். காதையும் மூக்கையும் மூடிக்கொண்டு முங்கியபடியே பால் குடிக்கும். ஆழமான இடத்தில் அம்மா முதுகில் ஏறிக்கொள்ளும். ஆண் நீர்யானை குட்டியைக் கொன்றுவிடுவதும் உண்டு. ஆகவே தாய் கிட்டே யாரையும் விடாது. எல்லாம் ஒருத்தி பாடு.

யானை வேறு ஜாதி. கர்ப்பம் 22 மாதம். குட்டி பிறக்கும்போதே நூறு கிலோ இருக்கும். அடுத்த பிரசவத்துக்கு நாலைந்து வருஷம் ஆகும். அந்த நாலைந்து வருஷத்தில் பெண் சேர்க்கைக்குத் தயாராக இருப்பது சில நாள்தான். நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த குரலில் அது கூப்பிட, மைல் கணக்கில் தள்ளியிருக்கும் ஆணுக்குக் கேட்கும். மதம் கொண்ட பெரிய ஆணையே அது விரும்பும். சின்னப் பையன்கள் வந்தால் ஓடும்.

இந்த மதம் நமக்குப் பழைய சங்கதி. பாகன் குடும்பத்துக் குழந்தைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் ஒழுகினால் கிட்டே போகக்கூடாது என்று தெரியும். ஆனால் ஆப்பிரிக்க யானைக்கு மதமே பிடிக்காது என்றுதான் மேல்நாட்டு விஞ்ஞானிகள் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். கென்யாவின் அம்போசெலியில் ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் பார்த்து எழுதியது 1981-ல்!

குட்டிக்கு அம்மா மட்டுமல்ல, அக்கா, சித்தி, பாட்டி எல்லோரும் உண்டு. தும்பிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தடுமாறும். சேற்றில் சிக்கினால் நாலு பேர் ஓடிவருவார்கள். பெண் குட்டி கூட்டத்தோடே இருந்துவிடும். ஆண் குட்டி பன்னிரண்டு, பதினைந்து வயதில் பிரிந்து போய்விடும்.

இங்கேதான் நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தினேன். என்னிடம் படித்து இந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் நாலைந்து பேர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். "யானையில் ஆணின் வேலை சேர்க்கையோடு முடிந்தது, குட்டி வளர்ப்பில் அதற்குப் பங்கில்லை" என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். நோட்டிலும் எழுதவைத்தேன்.

தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் பூங்காவில் எண்ணிக்கை அதிகமென்று பெரிய யானைகளைச் சுட்டார்கள். மிஞ்சிய குட்டிகளை 1980களில் லாரியேற்றிப் பிலானெஸ்பெர்க் காட்டில் விட்டார்கள். பெரியவர்கள் யாருமே இல்லாமல் அவை வளர்ந்தன. வளர்ந்த ஆண்களுக்கு உரிய வயதுக்கு முன்பே மதம் பிடித்தது, மாதக்கணக்கில் இறங்கவில்லை. 1992 முதல் 1997 வரை நாற்பதுக்கு மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998-ல் க்ரூகரிலிருந்து ஆறு வயதான ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை யாரையும் அடித்துத் திருத்தியதாகத் தெரியவில்லை. பெரிய ஆண் எதிரே வந்து நின்றாலே சின்னதின் மதம் வடிந்துவிடுகிறது. கொலை நின்றது. இந்த முடிவு 2000-ல் அச்சில் வந்தது. அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை.

இது தூரத்துச் சமாச்சாரம் இல்லை. சுமார் இருநூறு வருஷம் யானையே இல்லாத பக்கத்துச் சித்தூர் மாவட்டக் காடுகளுக்கு 1980களில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து கூட்டம் வந்து சேர்ந்தது. 1990-ல் கவுண்டின்யா சரணாலயம் அறிவித்தார்கள். பயிருக்குப் போட்ட மின்கம்பியில் அங்கே எத்தனையோ யானைகள் செத்திருக்கின்றன. பெரியாற்றில் தந்தத்துக்காக ஆண்களையே சுட்டுச் சுட்டு, நூறு பெண்ணுக்கு ஒரு வளர்ந்த ஆண் என்கிற நிலைமை வந்தது. பயிர் போன விவசாயியின் வயிற்றெரிச்சலும் நியாயம்தான், நானும் நெல் போடுகிறவன். ஆனால் ஒரு கிழட்டுக் கொம்பன் செத்தால் "ஒண்ணு போச்சு" என்று கணக்கு எழுதுகிறோம் பாருங்கள், அந்தக் கணக்கை எழுதக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

என்னிடம் படித்தவர்கள் யாராவது அந்த நோட்டை இன்னும் வைத்திருந்தால், தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள்.