கைராசிக்காரருக்கும் ஒரு முகவரி வேணும்!

('வண்டிப் பட்டறைக்கு ஆளைச் சேர்ப்பது கைராசியா, இணையதளமா?' பட்டிமன்றத்தில், 'இணையதளமே' அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் அழகாச் சொன்னார்: "எங்க விழுப்புரத்துல நல்ல மெக்கானிக்குக்குப் போர்டே தேவையில்லை. டீக்கடையில கேட்டா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விடுவாங்க!" வாஸ்தவம். ஆனா டீக்கடை திறந்திருக்கணுமே! (சிரிப்பு)

பொங்கலுக்கு முந்தின ராத்திரி. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற குடும்பம். திண்டிவனம் தாண்டியாச்சு, விழுப்புரம் வரலை. நடுவுல ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ரேடியேட்டர் கொதிக்குது. பின் சீட்டுல பாட்டி, "அப்பவே ரயில்ல போகலாம்னேன்!" (சிரிப்பு) மகன் செல்போன்ல தேடறார். யார் பேரு வரும்? இணையத்துல யார் இருக்காரோ அவர் பேருதான் வரும். நம்ம கைராசிக்காரர் கூப்பிட்டா எழுந்து வர்றவர்தான். கூப்பிட நம்பர் வேணுமே ஐயா!

"நெடுஞ்சாலைக்கு 1033 இருக்கே" என்றார்கள். இருக்கட்டும், நல்ல ஏற்பாடு. ஆனா பட்டறையில கிளட்ச் பிளேட்டை மாத்தப் போறது 1033-ஆ?

திண்டிவனத்தையே பாருங்க. புதுச்சேரிக்கு ஒரு ரோடு, செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு ஒரு ரோடு, திருச்சிக்கு ஒரு ரோடு. பௌர்ணமி வந்தா கிரிவலக் கூட்டம் வேற. அத்தனை பேரும் வெளியூர்க்காரங்க. அவங்களுக்கு எந்த டீக்கடைக்காரர் பழக்கம்?

இன்னொண்ணு, பெண்களுக்குத்தான் இது புரியும். ஸ்கூட்டரை விட நாங்க தனியாப் போனா, "அது போச்சும்மா, இது போச்சும்மா"ன்னு ஒரு பட்டியல். எது போச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பர்ஸ் போச்சுன்னு மட்டும் தெரியும்! (பலத்த சிரிப்பு) ஆயில் மாத்த இவ்வளவு, பிரேக் ஷூவுக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு, கழட்டின பழைய பாகத்தைக் கையில கொடுப்போம்னு இணையதளத்துல தமிழ்ல எழுதிப் போடட்டும். நான் வீட்டுலயே படிச்சிட்டுத் தைரியமாப் போவேன். நேர்மையான மெக்கானிக்குக்கும் அதுதான் லாபம். பேரம் பேசி நேரம் போகாது பாருங்க.

"மேப்புல இலவசமாப் பேரு போட்டாப் போதாதா, தனி இணையதளம் எதுக்கு?" நல்ல கேள்வி. மேப்புலயும் போடுங்க, வேண்டாங்கலை. ஆனா ஒரு சேதி. கூகுள் நிறுவனம் சின்னக் கடைகளுக்கு இலவசமா ஒரு பக்கம் செஞ்சு கொடுத்துச்சு. 2024 மார்ச்சில் அதை மூடிட்டாங்க! அடுத்தவன் திண்ணையில கடை போட்டா அப்படித்தான். சொந்தப் பேருல முகவரி வாங்கினா, வருஷா வருஷம் பணம் கட்டற வரைக்கும் அது உங்களுது. '.இந்தியா'ன்னு தமிழ் எழுத்துலயே முடியற முகவரிகூட இருக்கு.

கைராசி வேண்டாம்னு நான் சொல்லலை, நடுவர் அவர்களே. இணையதளம் போல்ட்டு முடுக்காது. வேலை மோசம்னா அதுவே ஊரெல்லாம் காட்டியும் கொடுத்துடும். ஆனா வண்டி முதல்ல பட்டறை வாசலுக்கு வரணும் இல்லையா?

கடைசியா ஒரே ஒரு சந்தேகம். எதிரணித் தலைவர் இன்னிக்கு இந்த மண்டபத்துக்கு டீக்கடையில கேட்டா வந்தார்? வாசல்ல பார்த்தேன்... செல்போன் மேப்பைப் பார்த்துக்கிட்டேதான் இறங்கினார்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)