பணியும் பணிவும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெரிய வியாழன் அணித்தாக வருகின்ற இந்நாளிலே, கிறிஸ்தவ வாழ்க்கையில் தாழ்மையும் தன்னலமற்ற தொண்டும் என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பெரியோர் பலர் வீற்றிருக்கும் அவையிலே தாழ்மையைப்பற்றிப் பேசுதல் எளிதன்று. பேசுவோருடைய நடக்கையே அவருடைய பேச்சுக்கு எதிர்ச்சான்றாக வந்து நிற்றலும் கூடும். எனினும் இட்ட பணியைத் தட்டலாகாமையின் எழுந்து நிற்கின்றோம்.

இவ்வவையிலே திருமுழுக்குப் பெற்றோரும் உளர்; சிவபெருமானையும் முருகவேளையும் வழிபடுவோரும் உளர். ஒரே குடும்பத்திலே அண்ணன் கோயிலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் செல்லுதல் நமக்குப் புதிதன்று. ஆதலின் யாம் கிறிஸ்தவ வேதத்தினின்று எடுத்துக் கூறுவன மற்றையோர்க்கு உரியனவல்ல என்று எவரும் கருதாதிருக்குமாறு வேண்டுகின்றோம். செருக்கு எல்லாச் சமயத்தார் வீட்டிலும் குடியிருப்பது. அதற்கு மருந்தும் எல்லார்க்கும் வேண்டுவதேயாம்.

யாம் பள்ளியிலே இலக்கணம் கற்பிப்பவராதலின் சொல்லினின்றே தொடங்குகின்றோம். 'பணி' என்னும் நம் தமிழ்ச் சொல்லை நோக்குங்கள். பணி என்பது தொண்டு. பணி என்பது கட்டளை. பணி என்பது அணிகலன். 'பணி' என்று ஏவினால் தாழ்ந்து வணங்கு என்பது பொருள். தொண்டு செய்தலும், தாழ்ந்து நிற்றலும், அழகுபெறுதலும் ஒரு சொல்லிலே அடங்கிக் கிடக்கின்றன. திருக்குறளும் பணிவை ஒருவனுக்கு அணியென்றே கொள்கின்றது. இன்னும் ஒரு பொருள் உண்டு. பாம்புக்கும் பணி என்பது பெயர். உடல் வளைந்து வளைந்து செல்லினும் உள்ளே நஞ்சை வைத்திருப்பது பாம்பு. அவைதோறும் கைகுவித்து, 'அடியேன் ஒன்றுமில்லாதவன்' என்று நாவினாற் சொல்லி, முன்வரிசையில் இடமில்லையாயின் முகங்கறுத்துப் போவோருடைய பணிவும் அவ்வகையதே. அணிகலனாகிய பணிவு எது, பாம்பாகிய பணிவு எது என்று பிரித்தறிதலே நமக்கு வேண்டுவது.

இனி, இயேசுபெருமான் தம் சீடரோடு கடைசியாக உணவுண்ட இரவை நினைவுகூர்வோம். அந்நாட்டிலே மிதியடி அணிந்து புழுதி வழியே நடந்து வருவோர்க்கு, வீட்டிற் புகும்போது கால் கழுவ நீர் தருவது வழக்கம். பிறருடைய காலைக் கழுவிவிடுதலோ ஏவலாளரிலும் கடைப்பட்டவருடைய தொழில். அவ்விரவில் சீடர்க்குள் யார் பெரியவர் என்னும் வழக்கு எழுந்ததாக லூக்கா எழுதுகின்றார். பெரியவர் யார் என்று வழக்கிடுவோருள் எவர்தாம் நீர்க்கலத்தை எடுப்பர்? யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்திலே பின்னர் நிகழ்ந்தது கூறப்படுகின்றது. பெருமான் பந்தியை விட்டு எழுந்தார். மேலாடையைக் கழற்றி வைத்தார். ஒரு துண்டை எடுத்து அரையிலே கட்டினார். கலத்தில் நீர் வார்த்துச் சீடர் ஒவ்வொருவருடைய பாதங்களையும் கழுவித் துடைத்தார். காட்டிக்கொடுக்க இருந்த யூதாசின் பாதமும் அவற்றுள் ஒன்று.

அன்பர்களே! மேலாடையைக் கழற்றித் துண்டை அரையிலே கட்டுதல் என்னும் செய்கையை நம் முன்னோர் நன்கறிவர். மேற்குலத்தார் எதிர்ப்பட்டால் தோளிற் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பிற் கட்டி ஒதுங்கி நிற்குமாறு அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். திருவிதாங்கூரிலே நம் பெண்மக்கள் மார்பை மறைத்து ஆடையணிதற்கும் தடையிருந்தது. பல்லாண்டுக் கலகங்களுக்குப் பின் 1859-ஆம் ஆண்டிலேதான் அரசர் அதற்கு ஆணை பிறப்பித்தார். அவ்வாணையும், மேற்குலப் பெண்டிர் அணியும் முறையிலே அணியலாகாது என்று வரையறுத்தே வந்தது.

ஆகவே, 'தாழ்மையைக் கடைப்பிடியுங்கள்' என்று நம்மவரிடம் ஒருவர் வந்து கூறினால், 'எம் பாட்டனும் பாட்டியும் தாழ்ந்து நின்றது போதாதா?' என்று கேட்பதற்கு நமக்கு நியாயமுண்டு. அதற்கு யாம் கூறும் விடை இது. பிறர் கட்டாயத்தால் குனிந்து நிற்பது தாழ்மையன்று, அது தாழ்த்தப்படுதல். தாழ்மையை ஒருவன் தானே மேற்கொள்ளலாமேயன்றிப் பிறன்மேற் சுமத்தலாகாது. பெருமான் சீடரை நோக்கி, 'குனியுங்கள்' என்று ஏவவில்லை, தாம் குனிந்தார். நம் முன்னோரிடமிருந்து வலிந்து பறிக்கப்பட்டதை அவர் தம் விருப்பத்தாலே கழற்றி வைத்தார். எவருடைய தோளில் துண்டு இருக்கின்றதோ அவரே அதனை எடுத்து அரையிற் கட்டுதல் கூடும். இக்காலத்திலே கல்வியாலும் வாணிகத்தாலும் நம் தோளில் துண்டு ஏறியிருக்கின்றது. ஆதலின் அக்கேள்வி இப்பொழுது நம்மை நோக்கித் திரும்புகின்றது.

இதற்கு எடுத்துக்காட்டாக நம் நாட்டிலே வாழ்ந்த ஒருவரைக் கூறுவோம். வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களை நீங்கள் எல்லீரும் அறிவீர்கள். திருநெல்வேலிச் சீமையிலே, இக்காலத்துத் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிலே, 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள், நம் நாடார் குலத்திலே ஒரு குருவானவருடைய மகனாகப் பிறந்தவர் அவர். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் நாள் கல்கத்தா மாநகரிலே அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையிலே இந்தியர் ஒருவர் அப்பதவி எய்தியது அதுவே முதன்முறை. இக்காலத்தார் பேராயர் என்று வழங்கும் பதவியே அது. அவரை 'நம்மவர்' என்று சொல்லி நாம் மகிழ்கின்றோம். மகிழ்தல் தகும். ஆனால் அவர் யாரைத் 'தம்மவர்' என்று கொண்டார் என்பதையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.

1903-ஆம் ஆண்டிலே, வெளிநாட்டார் பொருளையும் தலைமையையும் எதிர்பாராமல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தாமே நடத்தும் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அதனை நிறுவியவருள் அவர் தலையாயவர். பிறரை அனுப்புவதோடு அவர் அமையவில்லை. 1909-ஆம் ஆண்டிலே தாமே புறப்பட்டு, அந்நாளில் நிஜாம் ஆட்சிக்குட்பட்டதும் இந்நாளில் தெலங்கானா மாநிலத்தில் உள்ளதுமாகிய தோர்ணக்கல் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே வழங்குவது தெலுங்கு. முப்பத்தைந்து வயதை நெருங்கிய தமிழர் ஒருவர், பள்ளிப் பிள்ளையைப்போல வேற்று மொழியின் எழுத்துக்களைக் கற்கத் தொடங்குதல் எத்தகைய தாழ்மை என்பதைக் கற்பிக்கும் தொழிலில் இருக்கும் யாம் அறிவோம். பிழைபடப் பேசிச் சிரிப்புக்கு ஆளாகத் துணிந்தவரே பிறமொழி கற்க வல்லவர்.

அடுத்த ஆண்டு, 1910-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரிலே உலக மிஷனெரி மகாநாடு கூடிற்று. அங்கே அவர் பேச எழுந்தார். மேலைநாட்டு ஊழியரும் இந்திய ஊழியரும் ஒரே திருச்சபையில் இருந்தும் ஒருவரோடொருவர் நண்பராகப் பழகுவதில்லை என்பதை ஒளியாது கூறினார். மேலைநாட்டார் செய்த ஈகைகளையும் தியாகங்களையும் நன்றியோடு ஒப்புக்கொண்டபின், அவையெல்லாம் இருந்தும் நட்பு ஒன்று குறைகின்றது என்றும், அதுவே வேண்டுவது என்றும் கேட்டு முடித்தார். கேட்டவருட் சிலர் மனம் புழுங்கினர். கொடுப்பவர் மேலிருந்து கொடுக்க, பெறுபவர் கீழிருந்து பெறும் தொண்டு, எவ்வளவு பெரிதாயினும் குறையுடையதே என்பது அவர் கருத்து.

இவ்வாறு மேலிருப்பாரிடம் நட்பைக் கேட்டவர், தமக்குக் கீழே வைக்கப்பட்டவர்க்கு அதனைத் தந்தாரா? இதுவே அவருடைய வாழ்க்கையின் தேர்வு. தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்திலே திருச்சபையிற் சேர்ந்தவருள் மிகப் பலர் மாலா, மாதிகா என்னும் குலத்தினர். தீண்டாதார் என்று ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டவர். அவ்விரு குலத்தார்க்குள்ளேயும் உயர்வு தாழ்வு பாராட்டும் வழக்கம் இருந்தது. அசரியா அவர்கள் மாட்டு வண்டியிலே ஊர் ஊராகச் சென்று அவர்கள் குடியிருப்புக்களிலே தங்கினார். அவர்களிலிருந்தே உபதேசிமாரையும் குருமாரையும் பயிற்றி எழுப்பினார். எழுத்தறியாதவரும் தாம் பெற்ற நற்செய்தியைப் பிறர்க்குச் சொல்லும் தகுதியுடையவர் என்று நம்பி, அப்பொறுப்பை அவர்களிடமே ஒப்புவித்தார். அவருடைய மனைவியார் அன்பு மாரியம்மாள் அவர்களும் உடனிருந்து தொண்டாற்றினார். 1945-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள் அவர் உயிர் பிரிந்ததும் அவ்வூரிலேதான். தாமிரபரணிக் கரையிலே பெரும்புகழோடு வாழ்ந்திருக்கக் கூடிய ஒருவர், தமக்கு மொழியாலும் குலத்தாலும் வேறானவர் நடுவே முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்து அம்மண்ணிலேயே அடங்கினார்.

பிறர்க்குக் கொடுத்தல் மட்டும் தொண்டு ஆகாது. கொடுப்பவர் தம் இடத்தைவிட்டு எழுந்துபோய்ப் பெறுபவரோடு அமர்தல் வேண்டும். எழாமற் செய்யும் தொண்டு தருமம் எனப்படலாம், பணி எனப்படாது.

இதனை யாம் கற்றது நூலிலன்று. எம்முடைய குற்றம் ஒன்றை இவ்வவையிலே ஒளியாமற் கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரிலே ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனத்துக்குச் சென்றிருந்தோம். பெருஞ்சோற்றுக் குவியலும் கொதிக்கும் அண்டாக்களுமாக ஊரே திரண்டிருந்தது. செல்வரும் வறியவரும் ஒரே பந்தியில் தரையிலமர்ந்து உண்பதே அசனத்தின் சிறப்பு என்று அருகிருந்த எம் மாணவனுக்கு விரித்துரைத்துக்கொண்டிருந்தோம். சிறுவன் கேட்டுக்கொண்டே இருந்து, வேலியோரத்து வேப்பமர நிழலைச் சுட்டிக்காட்டினான். எச்சில் இலை எடுக்க அழைக்கப்பட்டிருந்த நால்வர் அங்கே கூடைகளோடு நின்றுகொண்டிருந்தனர். "ஐயா, அவர்கள் எப்பொழுது உண்பார்கள்?" என்றான். "எல்லாரும் உண்டபின்" என்றோம். "எல்லாரும் என்றால் அவர்களும்தானே, ஐயா?" என்றான்.

யாம் விடை கூறவில்லை. இலை முன்னே இருந்தது, உண்டு எழுந்தோம். அந்நால்வரிடம் சென்று அழைத்திருக்கலாம். எம் இடத்தை ஒருவருக்குத் தந்திருக்கலாம். செய்யவில்லை. காரணம் தீமையன்று, கூச்சம். அருகிருந்த பெரியோர் என்ன நினைப்பரோ என்னும் கூச்சம். அக்கூச்சத்தின் இயற்பெயர் செருக்கு என்பதை அன்றிரவு உறக்கம் வாராது கிடந்தபோது உணர்ந்தோம். 'எல்லாரும்' என்னும் சொல்லின் பொருளை இலக்கண ஆசிரியருக்கு ஏழாம் வகுப்புச் சிறுவன் கற்பித்தான்.

ஆகலின், சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றோம். முதலாவது: நம் ஆலயங்களிலும் கோயில்களிலும் சங்கக் கட்டடத்திலும் மின்விசிறியின் இறக்கைதோறும், விளக்கின் தண்டுதோறும் உபயம் செய்தவர் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. விளக்கிலே பெயர் பெருகப் பெருக வெளிச்சம் குறைகின்றது. இனி வருவனவற்றிலேனும் பெயரெழுதாது விடுவோம். இரண்டாவது: அசனத்திலும் கோயிற்கொடையிலும் திருமண விருந்திலும் இலை எடுக்க வருவோர்க்கு முதற்பந்தியிலே நம்மோடு இலை போடுவோம், இலை எடுக்கும் வேலையை நம் வீட்டு இளைஞரும் பகிர்ந்துகொள்வார்களாக. மூன்றாவது: சங்கத்தின் கல்வி நிதியிலே ஆண்டுதோறும் ஒரு பகுதியை, நம் குலத்தவரல்லாத துப்புரவுத் தொழிலாளர் மக்களுக்கு ஒதுக்குவோம். 'நம் பிள்ளைகளுக்கே போதவில்லையே' என்று சிலர் கூறலாம். அது மெய்யே. நம் பிள்ளைகளுக்குப் போதியபின் கொடுப்போம் என்றால் கொடுக்கும் நாள் வாராது என்பதும் மெய்யே.

இவற்றைச் சங்கம் ஏற்பினும் ஏலாவிடினும், எம்மளவில் தொடங்குதல் எம் கடன். வருகின்ற அசனத்திலே எம்மைப் பந்தியில் தேடாதீர்கள்; வேப்பமரத்தடியிலே கூடையோடு நிற்போம். அந்நால்வர் உண்டெழுந்த பின்னரே எமக்கு இலை. அன்று அவர்கள் எம்மையும் உடன் அமரச் சொல்வாராயின் அதனினும் பெரிய பேறு எமக்கில்லை.

பேதுரு முதலில் தம் பாதத்தைத் தர மறுத்தார், பின்னர் இசைந்தார். நாமும் இதுகாறும் மறுத்திருந்தால் இனியேனும் இசைவோமாக. எல்லாம் வல்ல இறைவன் நம் கைகளுக்குப் பணியையும் நம் உள்ளங்களுக்குப் பணிவையும் தந்தருள்வாராக.