கருவி மட்டும் கல்வியாகுமா?



வறிய பிள்ளைகளுக்கு மலிவு விலை மடிக்கணினி வழங்குதல் நற்பணியே. 2020இல் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது, கருவியற்ற பிள்ளைகள் பாடத்தையே இழந்தனர். ஆயினும் கருவி மட்டும் போதுமா?

2005இல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கொலஸ் நெக்ரோபொன்டே, பிள்ளைக்கொரு மடிக்கணினி, விலை 100 டொலர் என முழங்கினார். விலையோ 200 டொலரை நெருங்கிற்று. பெரு நாடு இலட்சக்கணக்கில் வாங்கி வழங்கிற்று. அங்குள்ள கிராமப் பாடசாலைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் மாணவர் தேர்ச்சி உயரவில்லை என்றது. ஆசிரியர்க்குப் போதிய பயிற்சியில்லை. பெரும்பாலான பாடசாலைகளில் இணைய வசதியுமில்லை.

நம் குடாநாட்டு உழவர் துலாவைக் கைவிட்டு இறைப்பு இயந்திரத்துக்கு மாறியது எங்ஙனம்? இயந்திரத்தோடு உதிரிப்பாகமும் திருத்துவோரும் ஊருக்கு வந்தமையாலன்றோ!

ஆதலின், கடல்கடந்து வாழும் அன்பர்களே! பத்துக் கணினிக்குப் பணமிருப்பின் எட்டை வாங்குங்கள். எஞ்சிய பணம் ஆசிரியர் பயிற்சிக்கும், பழுது திருத்தவும், தமிழ்ப் பாடங்கள் ஆக்கவும் பயன்படட்டும்.

இலவசக் கல்வி 1945இல் இந்நாட்டுப் பிள்ளைகள் பெற்ற உரிமை. அதனைக் கொடையாளர் தலையில் இறக்கிவிட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ள நாம் இடங்கொடோம்!