ஓய்வு நம்மைத் தேடி வருமுன்
(அடுகோடித் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியம் பற்றிப் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு நம் இளைஞர்கள் என்னிடம் வந்து, “ஐயா, நாற்பத்தைந்து வயதில் வேலையை விட்டு விட்டு நிம்மதியாக வாழ முடியுமா? அதைப் பற்றிப் பேசுங்கள்” என்று கேட்டனர். அருகிலிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். “கை கால் நன்றாக இருக்கும்போதே ஓய்வா? எங்கள் காலத்தில் ஐம்பத்தெட்டு வரை உழைத்தோம்” என்றார். இளைஞர் கேள்வியும் சரியே. பெரியவர் சிரிப்பும் சரியே. இரண்டுக்கும் நடுவே நின்று சில சொற்கள் கூறவே வந்திருக்கிறேன். பொருள் பற்றிப் பேசுவது தமிழர்க்குப் புதியதன்று. வள்ளுவப் பெருந்தகை அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவே பொருளை வைத்து, ‘பொருள் செயல்வகை’ என்று தனி அதிகாரமே வகுத்தார் அன்றோ?

முன்கூட்டிய ஓய்வு நம்மவர்க்குப் புதியதா? இல்லை. பலருக்கு அது கேளாமலே வந்தது. கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். 1880 முதல் நம் வட ஆர்க்காட்டு மக்களும் பிறரும் குடும்பம் குடும்பமாய்ச் சென்று, மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கம் மூடப்பட்டது. பொன்னை எடுத்துக் கொடுத்த கைகள் அன்று வெறுங்கைகளாயின. அவர்தம் பிள்ளைகள் இன்றும் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் திரும்புகின்றனர். 1961இல் இந்நகரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூடுவதென 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. நாட்டுக்கே நேரம் காட்டிய தொழிலாளிக்குத் தம் நேரம் முடிந்தது தெரியாமற் போயிற்று.

நம் அடுகோடியையே பாருங்கள். 1951இல் தோன்றிய மைக்கோ நிறுவனத்தை நம்பி இங்கே எத்தனை அடுப்புகள் எரிந்தன! 2008இல் அதன் பெயர் போஷ் என மாறியது. உற்பத்தி பிடதிக்குப் பெயர்ந்தது. இயந்திரங்கள் ஓடிய இடத்தில் 2022ஆம் ஆண்டு மென்பொருளும் ஆராய்ச்சியும் குடிகொண்ட புதிய வளாகம் திறக்கப்பட்டது. இதில் குறை கூற ஒன்றுமில்லை, காலம் மாறுகிறது. ஆனால் சம்பளம் என்பது நமக்குச் சொந்தமான நிலமன்று, குத்தகை நிலம் என்பதை இம்மாற்றங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

என் கதையையும் ஒரு பாடமாகச் சொல்ல அனுமதியுங்கள். நான் பணியாற்றிய தொழிற்சாலையில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது எனக்கு வயது 49. விருப்பம் என்பது அதன் பெயரில் மட்டுமே இருந்தது. ஒரே நாளில் கைக்கு வந்த அத்தனை பெரிய தொகையை என் வாழ்நாளில் அதற்கு முன் கண்டதில்லை. அதில் பாதியை, அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு, பதிவு செய்யப்படாத ஒரு சீட்டில் போட்டேன். பதினொரு மாதம் பணம் வந்தது. பன்னிரண்டாம் மாதம் கடைக்குப் பூட்டு வந்தது. அப்போது என் மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவள் படிப்பு நிற்காமல் காத்தது எது தெரியுமா? என் மனைவி வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, எனக்கும் சொல்லாமல், அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதந்தோறும் கட்டி வந்த சிறு தொகை. முப்பது ஆண்டு இயந்திரம் ஓட்டிய எனக்குத் தெரியாத பொருளாதாரம், அடுக்களையில் இருந்த அவருக்குத் தெரிந்திருந்தது!

ஆகவே இளைஞர் விரும்பும் ஓய்வும், எங்கள்மேல் விழுந்த ஓய்வும் ஒரே கேள்வியின் இரு முகங்களே. நாளை சம்பளம் நின்றால் என் குடும்பம் நிற்குமா? இதற்கு ‘நிற்கும்’ என்று நடுங்காமல் விடை கூறக் கூடியவரே பொருளாதார விடுதலை பெற்றவர். அதன் பிறகு அவர் வேலை செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

இதற்கொரு கணக்கு உண்டா? உண்டு. அமெரிக்காவில் ஜோ டொமிங்கெஸ் என்பவர், பங்கு வணிகத் துறையில் பணியாற்றி, 1969ஆம் ஆண்டு தம் 31ஆம் வயதிலேயே வேலையை விட்டார். பெரும் செல்வராகி விடவில்லை. தமக்கு எவ்வளவு போதும் என்பதை அறிந்து கொண்டார், அவ்வளவே. அவரும் விக்கி ராபின் அம்மையாரும் சேர்ந்து எழுதிய நூல் 1992இல் வெளிவந்து பலர் வாழ்வை மாற்றியது. பின்னர் 1994இல் வில்லியம் பெங்கன் என்னும் நிதி ஆலோசகர், முப்பதாண்டு ஓய்வுக் காலத்திற்குச் சேமிப்பில் முதல் ஆண்டு நூற்றுக்கு நான்கு பங்கு எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அதை உயர்த்திக் கொண்டால் பணம் தீராது என்று பழைய கணக்குகளை ஆராய்ந்து கூறினார். அதாவது, ஓராண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்திருக்க வேண்டும். மாதம் 40,000 ரூபாய் செலவுள்ள குடும்பத்திற்கு ஆண்டுச் செலவு 4,80,000. அதன் 25 மடங்கு 1 கோடியே 20 இலட்சம்.

ஆனால் அந்தக் கணக்கு அந்நாட்டுக் கணக்கு என்பதை மறக்கலாகாது. நம் நாட்டில் விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், இன்றைய 40,000 ரூபாய்ச் செலவு பன்னிரண்டு ஆண்டில் 80,000 ஆகும். இருபத்து நான்கு ஆண்டில் 1,60,000 ஆகும். நாற்பத்தைந்தில் ஓய்வு பெறுபவர் இன்னும் நாற்பது ஆண்டு வாழ வேண்டியவர். ஆதலால் 35 அல்லது 40 மடங்கு என்று கொள்வதே அறிவுடைமை. சொந்த வீடும், மருத்துவக் காப்பீடும், பிள்ளைகள் படிப்புக்கான பணமும் இதற்குப் புறம்பாக இருக்க வேண்டும்.

இத்தொகை நம்மால் ஆகுமா என்று மலைக்க வேண்டாம். வழிகள் மூன்று.

முதல் வழி, வரவுக்கும் செலவுக்கும் இடையே உள்ள இடைவெளியை அகலப்படுத்துவது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் பிடிப்பவர் ஒன்பது ஆண்டு உழைத்தால்தான் ஓராண்டுச் செலவைச் சேர்ப்பார். பாதியை மிச்சம் பிடிப்பவர் ஓராண்டு உழைப்பில் ஓராண்டு விடுதலையைச் சேர்த்து விடுகிறார். ஊதியம் உயரும்போதெல்லாம் வண்டியும் வாடகையும் உயர்ந்தால், ஓய்வு மட்டும் உயராமல் நின்று விடும்.

இரண்டாம் வழி முதலீடு. இங்கே பணத்தைவிடக் காலமே பெரிய மூலதனம். மாதம் 5,000 ரூபாய் வீதம், ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்ச்சி கிடைப்பதாக வைத்துக் கொண்டால், 25 ஆண்டில் ஏறத்தாழ 66 இலட்சம் சேரும். கட்டியது 15 இலட்சமே. அதையே பத்தாண்டு தாமதித்துத் தொடங்கி 15 ஆண்டு மட்டும் கட்டினால் ஏறத்தாழ 21 இலட்சமே சேரும். நழுவ விட்ட பத்தாண்டின் விலை 45 இலட்சம்!

எங்கே போடுவது? 1968இல் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. பதினைந்து ஆண்டுத் திட்டம். 2009 முதல் குடிமக்கள் அனைவரும் சேரத்தக்க தேசிய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பரஸ்பர நிதிகளும் பங்குகளும் இருக்கின்றன. பங்குச் சந்தை ஏற்றமும் இறக்கமும் உடையது. 2008 ஜனவரியில் 21,000த்தைத் தொட்ட மும்பைக் குறியீட்டெண், அதே ஆண்டு அக்டோபரில் 9,000த்திற்கும் கீழே விழுந்தது. 2010 நவம்பரில்தான் மீண்டும் பழைய உயரம் கண்டது. அவசரத் தேவைக்கான பணத்தைச் சந்தையில் வைத்திருந்தவர் பாதி விலைக்கு விற்று அழுதார். காத்திருக்க முடிந்தவர் தப்பினார். பாதுகாப்பின் மறுபெயர் என்று நடுத்தர மக்கள் கருதிய ‘யூனிட் 64’ திட்டத்திலும் 2001 ஜூலையில் பணம் எடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. எல்லா முட்டைகளும் ஒரே கூடையில் இருந்தால், கூடை எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை.

மூன்றாம் வழி தொழில் முனைதல். சாதாரண வணிகராகத் தொடங்கிய ஆர்க்காடு நாராயணசாமி முதலியார், இன்று உயர்நீதிமன்றம் நடைபெறும் அட்டாரா கச்சேரியைக் கட்டும் பணியை ஏற்று நடத்தினார். 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஈட்டிய பொருள் அறமாக மலர்ந்ததற்கு இந்நகரத் தமிழரிடையே இதைவிடச் சான்று வேண்டுமா? அண்மைக் காலத்தில், திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம் பெற்றது. அதன் ஊழியருள் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கோடீசுவரராயினர் என்றும், அவர்களில் எழுபது பேர் அளவில் முப்பது வயதுக்கும் குறைந்தவர் என்றும் அவரே அறிவித்தார். நமக்கு அடுத்த கோரமங்கலத்தில், ஒரு குடியிருப்பு வீட்டில் 2007இல் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2018இல் 1,600 கோடி டாலர் விலைக்குத் தன் பெரும்பங்கை விற்றது.

இவையெல்லாம் உண்மை. ஆனால் அதே கோரமங்கலத்தில் தொடங்கி, பெயர்ப் பலகை வாடுமுன்னே மூடிய கடைகளைப் பற்றி நாளேடு எழுதுவதில்லை. ஃப்ரெஷ்வொர்க்ஸின் பங்கே 36 டாலருக்கு வெளியிடப்பட்டு, அடுத்த ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே தொழில் தொடங்க விரும்பும் தம்பிகளுக்கு நான் சொல்வது மூன்று. ஓராண்டுக் குடும்பச் செலவைத் தனியே ஒதுக்கிய பிறகே வேலையை விடுங்கள். தாயின் நகையையும் தந்தையின் ஓய்வூதியத்தையும் மூலதனமாக்காதீர்கள். வேலையில் இருக்கும்போதே மாலை வேளையில் சிறிய அளவில் செய்து பாருங்கள். அகலக்கால் வைத்தவர் விழுந்தால் அவரோடு குடும்பமும் விழும்.

விரைவில் விடுதலை பெறும் ஆசையைத் தூண்டிலாக்கி வீசுவோரும் உளர். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியின் பெயரால் மக்கள் பணம் போயிற்று. 2019இல் இதே பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்து பல்லாயிரம் குடும்பங்கள் தவித்தன. 2022இல் தமிழகத்தில் ஆருத்ரா நிறுவனத்தின்மீது வழக்கு எழுந்தபோது, பணம் கட்டியவர்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் என்பது தெரிந்தது. மாதந்தோறும் பெருவட்டி என்று ஒருவர் சொன்னால், அது வட்டியன்று, உங்கள் முதலே துண்டு துண்டாகத் திரும்பி வருகிறது என்று கொள்ளுங்கள். சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் என்றால் செபியில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். வங்கியே மூழ்கினாலும் ஒருவர் வைப்புக்கு 5 இலட்சம் ரூபாய் வரையே காப்பீடு உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். நான் இவற்றைக் கேட்கவில்லை. கேளாததன் விலையைக் கொடுத்தேன்.

இறுதியாக ஒன்று. சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் கணக்கேட்டை என்னிடம் காட்டினார். சம்பளத்தில் அறுபது விழுக்காடு சேமிக்கிறார், பாராட்டினேன். “ஊரில் அம்மாவுக்கு எவ்வளவு அனுப்புகிறாய்?” என்று கேட்டேன். தலை குனிந்தார். “அனுப்பினால் நான் ஓய்வு பெறும் ஆண்டு தள்ளிப் போகிறது ஐயா” என்றார். நான் அவரைக் கடிந்து கொள்ளவில்லை. “தம்பி, தள்ளிப் போகட்டும். நாற்பத்தைந்து நாற்பத்தேழு ஆகட்டும். அம்மாவின் மருந்துச் செலவை வெட்டி வாங்கும் விடுதலையில் நீ யாரோடு உட்கார்ந்து ஓய்வெடுப்பாய்?” என்றேன். அடுத்த வாரம் அவர் வந்து, கணக்கேட்டில் அம்மாவின் பெயரில் ஒரு வரி சேர்ந்திருப்பதைக் காட்டினார்.

பெரியோர்களே, இளைஞர் ஓய்வு பற்றிப் பேசினால் சோம்பல் என்று நகையாடாதீர்கள். எங்களுக்கு நேர்ந்தது தமக்கு நேரக் கூடாது என்றே அவர்கள் அஞ்சுகின்றனர். இளைஞர்களே, நீங்கள் பெறும் ஓய்வு சாய்வு நாற்காலிக்கு மட்டும் உரியதாக முடிய வேண்டாம். பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காக உழைக்கும் மனிதர் நூறு பேர் இக்குடியிருப்பில் இருந்தால், நம் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் கற்பிக்க ஆளில்லை என்ற குறை தீரும் அன்றோ?

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, இச்சங்கக் கூடத்தில் குடும்பக் கணக்கு எழுதக் கற்பிக்கும் வகுப்பொன்று நடத்தலாம் என்று செயற்குழுவை வேண்டிக் கொள்கிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. முதல் வகுப்பை நடத்த என்னைவிடத் தகுதி வாய்ந்தவர் என் வீட்டிலேயே இருக்கிறார்.