தசை திறக்கும் கதவு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"அம்மாவுக்கு வராத சீனி வியாதி நமக்கு மட்டும் ஏன்கா வருது?" என்று காலையில் ஒரு தங்கை கேட்டார். அம்மாவுக்கும் இருந்திருக்கலாம்; சோதித்துப் பார்க்க அன்று யார் இருந்தார்? ஆனாலும் கேள்வி நியாயமானது.

சோறோ ரொட்டியோ சாப்பிட்டதும் குருதியில் குளுக்கோஸ் ஏறுகிறது. சதையி இன்சுலினைச் சுரக்கிறது. அதன் சொல் கேட்டுக் குளுக்கோஸை உள்ளே எடுப்பதில் முதலிடம் தசைக்கே. தசைக் கலத்தினுள் குளூட்-4 என்ற புரதம் சிறு பைகளில் காத்திருக்கிறது. இன்சுலின் வெளியே வந்து தொட்டதும் அது மென்சவ்வுக்கு வந்து வழிவிடும். உள்ளே போன சீனி எரியும். மீதி கிளைக்கோசனாகச் சேரும். வகை 2 நீரிழிவில் இன்சுலின் கூப்பிட்டாலும் தசை சரியாகக் கேட்பதில்லை.

ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலின் கூப்பிடாமலே அதே குளூட்-4 மேலே வந்துவிடுகிறது. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கொழுந்து. அந்தப் பாரத்தோடு மலை ஏறி இறங்கிய கால்கள் நாள் முழுதும் சீனியை இழுத்துக்கொண்டிருந்தன. நாம் அதே ரொட்டியையும் சீனி போட்ட தேநீரையும் வைத்துக்கொண்டு, மலையை மட்டும் விட்டுவிட்டோம். (கூடை சுமந்த வாழ்க்கையைப் புகழ்கிறேன் என்று எண்ணாதீர்கள். அந்த முதுகுவலி நம் வீடுகளுக்குத் தெரியும்.)

மலையில் குளவி கலைந்தால் ஓடுகிறோமே, அப்போது வேலை செய்வது அதிரனலின். தசையிலுள்ள கிளைக்கோசனை உடைத்து அங்கேயே எரிக்க வைக்கிறது. தசை தன் சீனியைக் குருதிக்குத் திருப்பித் தராது. அதற்கான நொதியம் அதனிடம் இல்லை. தருவது ஈரல். அதிரனலினும் கோர்ட்டிசோலும் நாள்கணக்கில் உயர்ந்திருந்தால் இன்சுலினின் சொல் எடுபடாது. காய்ச்சலிலும் பெருங்கவலையிலும் சீனி ஏறுவது இதனால்தான்.

டொரொன்டோவிலிருந்து வந்த சகோதரிகளே, 1922 ஜனவரியில் உங்கள் நகரில்தான் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றினார்கள். வகை 1 உள்ள பிள்ளைக்கு இன்றும் அதுதான் உயிர். நடந்தால் போதும், ஊசியை நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஊசியோ சிலவகை மாத்திரையோ எடுப்பவர் வெறுவயிற்றில் மலை ஏறினால் சீனி அளவுக்கு மீறி இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும். பையில் இனிப்பு இருக்கட்டும்.

மற்றவர்கள் சாப்பிட்டபின் 15 நிமிடம் நடந்து பாருங்கள். நன்றாக நடந்த தசை, நடை முடிந்து பல மணி நேரம் கழித்தும் இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேல் வகுப்பறைகளைப் பார்க்கப் போகிறோம் அல்லவா? வேனைக் கூப்பிடாமல் படியேறியே போவோம்.